கூரை வராத தூண்கள்

நல்லவாட்டுக் கரையில யாரையாவது நிறுத்தி, மீன் ஏலக்கூடம் எங்கன்னு கேட்டுப் பாருங்க. கைய நீட்டிக் காட்டுவாங்க. கிட்டப் போனா அங்க கூடம் இருக்காது, தூணுங்க தான் நிக்கும். தூணு தலையிலேர்ந்து கம்பி நீட்டிக்கினு, துரு ஏறிக் கெடக்கும். கூரை இல்ல, செவுரு இல்ல, தரை கூட மணலு தான். பொம்பளைங்க அந்தத் தூணு நிழல்ல கூடைய வச்சிக்கினு குந்தியிருப்பாங்க. நிழலு நகந்தா கூடையும் நகரும். உச்சி வெயிலு வந்துட்டா நிழலு தூணோட ஒட்டிக்கும், அப்பறம் முந்தானைய தலையில போட்டுக்கினு காய வேண்டியது தான்.

என் பேரு அமிர்தம். எங்க வூட்டுக்காரரு சிங்காரவேலு ஃபைபர் படகு வச்சிருக்காரு, கரையில அத போட்டுன்னு சொல்லுவோம், அவரு புடிச்சிக்கினு வர்றத நான் கரையில குந்தி விப்பேன். எனக்கு வாய் நீளம்னு ஊர்ல சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போவட்டும். வாய் இல்லாதவ மீன் விக்க முடியுமா? காலையில எட்டு பேரு வண்டியில வந்து நின்னுக்கினு, "இன்னாக்கா, சங்கரா கண்ணு செவந்து கெடக்கு"ன்னு மூஞ்சிய சுளிப்பானுங்க. அவனுங்களுக்கு வாயால தான் பதில் சொல்லணும்.

ஆனா வெயிலு கிட்ட யாரு வாயும் பலிக்காது. வெயிலு ஏற ஏற மீனு தொஞ்சி போவும், வெல எறங்கும். ஐஸ் பொட்டியில போட்டா ஐஸு தான் கரையும். மழை வந்தா கூடைய மூடிக்கினு ஓடணும். எங்களுக்கு ஒரு கூரை வேணும்னு நாங்க கேக்காத ஆளு இல்ல, ஏறாத ஆபீஸ் இல்ல. அப்பிடி இப்பிடின்னு ஒரு வழியா ஏலக்கூடம் சேங்ஷன் ஆச்சி. பூமி பூஜை போட்ட அன்னிக்கு நாங்க பொம்பளைங்க அத்தினி பேரும் பொடவ மாத்திக்கினு போனோம். எதுத்த வூட்டு மகாலட்சுமி எங்கூட எப்பவும் சண்டை போடுறவ, அன்னிக்கி எங்கையப் புடிச்சிக்கினு நின்னா. அதுக்கு முந்தின வருசம் வெயில்ல மயங்கி விழுந்து, வாயில நொரை தள்ளி ஆஸ்பத்திரிக்குப் போனவ அவ. அவளுக்குத் தெரியும் கூரைன்னா இன்னான்னு.

எம் புள்ள கலைவேந்தன் அப்ப இன்ஜினியரிங் படிச்சிக்கினு இருந்தான். சிவில். லீவுல ஒரு மாசம் எதனா சைட்டுல போயி வேலை கத்துக்கணும்னு காலேஜுல சொல்லியிருந்தாங்க. கூடப் படிக்கிறதுங்க எல்லாம் மெட்ராசு, பெங்களூருன்னு ஓடுச்சிங்க. இவன் வந்து, "நம்மூரு கூடத்துலயே செய்யறேம்மா. அம்மா குந்தப் போற எடம், நானே நின்னு பாக்கறேன்"னான். கரையில போயி எல்லார்கிட்டயும் சொன்னேன். கேக்காதவங்க கிட்டயும் சொன்னேன்.

கான்ட்ராக்டரு சுப்பராயலு, வில்லியனூர்க்காரரு. கார்ல வருவாரு, காருக்குள்ள இருந்தே போன்ல பேசிட்டுப் பூடுவாரு. சைட்டப் பாத்துக்கினது ஹரிஹரன்னு ஒரு பையன். அவனும் படிச்சி முடிச்சி கொஞ்ச வருசம் தான் ஆவுது, பாகூர்ல ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். கலையோட சேத்து இன்னொரு பொண்ணும் கத்துக்க வந்துச்சி, கல்பனான்னு. கரியமாணிக்கத்துல கரும்பு போடுற வூட்டுப் பொண்ணு. அதுக்கு மீன் நாத்தம் ஆவாது, துப்பட்டாவ மூக்குல கட்டிக்கினு நிக்கும். நாங்க கிண்டல் பண்ணுவோம், அதுவும் சிரிக்கும்.

மொத வாரம் டேப்பப் புடி, டீ வாங்கியான்னு ஓட்டுனானுங்க. அப்பறம் கம்பி கட்ட உட்டானுங்க. எம் புள்ள கையெல்லாம் கட்டுக்கம்பி கிழிச்சி வந்து நிப்பான். வூட்டுல ஒரு தட்டக் கழுவாத புள்ள. எனக்கு அந்தக் கீறலப் பாத்தா பெருமையா இருக்கும், மஞ்சா வச்சி உடுவேன்.

அவன் தான் எனக்குச் சொன்னான். தூணுக்குக் கலவை போடுறப்பல்லாம் அதுலேர்ந்து கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சுல போட்டு வைப்பாங்களாம். சதுரமா கட்டியாவும். அத கியூபுன்னு சொல்றாங்க. ஒரு மாசம் தண்ணியில ஊற வச்சி, மிஷின்ல வச்சி ஒடைப்பாங்களாம். எவ்ளோ பாரம் தாங்குதோ அது தான் தூணோட பலம். நான் சொன்னேன், கொழம்ப உள்ளங்கையில ஒரு சொட்டு ஊத்தி நக்கிப் பாக்கற மாதிரியாடான்னு. ஆமாம்மா, அதே தான்னு சிரிச்சான்.

அடுத்த நாளு மூஞ்சிய உர்ருன்னு வச்சிக்கினு வந்தான். இன்னாடான்னா, கியூபுக்குன்னு தனியா கலக்கறாங்களாம். தூணுக்குப் போற கலவையில ஒரு பாண்டு சட்டி எடுத்து, அதுல கூட கொஞ்சம் சிமென்ட்ட அள்ளிப் போட்டு, நல்லா கொழச்சி அச்சுல போடச் சொன்னானாம் ஹரிஹரன். எல்லா சைட்டுலயும் இப்பிடித்தான் தம்பி, கியூபு தோத்துச்சின்னா பில்லு நின்னுடும், நமக்கு எதுக்கு வம்புன்னானாம். கல்பனா சொன்னபடி போட்டுச்சாம். இவன் மாட்டேன்னுட்டானாம். "கொழம்பு ஒண்ணு, ருசி பாக்கறதுக்கு வேற ஒண்ணாம்மா?"ன்னு எங்கிட்ட கேட்டான். என் வார்த்தைய எனக்கே திருப்பிச் சொன்னான். நான் அப்பிடியே பூரிச்சிப் பூட்டேன். நீ ஒழுங்கா போடுடா, எவன் இன்னா சொன்னாலும் அமிர்தம் புள்ளன்னு சொல்லுன்னேன். ஹரிஹரனும் சண்டைக்கு வரல. நீ போட்டத நீ உங்க காலேஜுல ஒடைச்சிப் பாத்துக்க, ஆபீசுக்கு கல்பனா போட்டது போவட்டும்னு உட்டுட்டான்.

அப்பறம் கடலு ஓரத்துத் தூணுங்களுக்குக் கலவை போட்டாங்க. அன்னிக்கு அலை மோசம். காலையிலயே காத்து எடக்கு பண்ணிச்சி. மிக்சரு ஒரு பக்கம் கடகடன்னு சுத்துது, எம் புள்ள மூணு அச்ச வரிசையா வச்சிக்கினு, கலவைய அள்ளிப் போட்டு, இரும்பு ராடால குத்திக்கினு இருந்தான். பாண்டுல மீதி கலவை பக்கத்துல இருந்துச்சி. நான் கூடையோட நின்னு அவனத் தான் பாத்துக்கினு இருந்தேன். அப்ப தான் எங்க போட்டு வந்துச்சி. மூணாவது அலையில மூக்கு திரும்பி, பக்கவாட்டுல படுத்துக்கிச்சி. இன்ஜினு நின்னு போச்சி. எங்க வூட்டுக்காரரு தண்ணியில, வலை அவரு கால்ல.

"கலை, அப்பாவப் பாருடா!"ன்னு நான் கத்துன கத்து எனக்கே இன்னும் காதுல கேக்குது. அவன் ராட போட்டுட்டு ஓடுனான். கரையில இருந்த ஆம்பளைங்க அத்தினி பேரும் ஓடுனாங்க. எங்க கரையில அது எழுதாத சட்டம். போட்டு அலையில மாட்டிக்கிச்சின்னா, சோத்துல கை வச்சிருந்தாலும் எழுந்து ஓடணும். பகையாளி போட்டா இருந்தாலும் தோள் குடுக்கணும். மேஸ்திரியோட ஆளுங்க கூட சட்டிய போட்டுட்டு வந்தாங்க. கயித்தப் போட்டு, ஐலசா போட்டு, அலை பின்னால போவ போவ இழுத்து, ஒரு வழியா கரையில ஏத்துனோம். அவருக்கு மொழங்கால் தோலு உரிஞ்சதோட போச்சி. புடிச்சதுல பாதி மீனு கடலோட. மாரியாத்தா கண்ணத் தொறந்தா, அவ்ளோ தான். எம் புள்ள இடுப்பு வரைக்கும் மணலும் தண்ணியுமா, நடுங்கிக்கினு நின்னான். அப்பா காலப் புடிச்சிப் பாத்தான். அப்பறம் கையத் தொடச்சிக்கினு சைட்டுக்குப் பூட்டான்.

அந்தக் கியூபுங்கள எங்க வூட்டுப் பின்னாடி நீல ட்ரம்முல தான் ஊற வச்சான். எங்க தண்ணி உப்பு, அது ஆவாதுன்னான். காலையில கொழாயில வர்ற குடிக்கிற தண்ணிய நான் குடத்துல புடிச்சி வந்து ஊத்துனேன். வூட்டுல குடிக்கத் தண்ணி பத்தாத நாள்ல கூட ட்ரம்முக்கு ஊத்துனேன். ஆடு வந்து வாய வச்சா அடிச்சித் தொரத்துனேன். புள்ளத்தாச்சிய பாத்துக்கற மாதிரி பாத்துக்கினேன், எங்க வூட்டுக்காரரு கூட சிரிச்சாரு.

மாசம் முடிஞ்சி, கூட்டாளி வண்டியில சாக்குப்பையில கட்டி எடுத்துக்கினு போனான். மிஷின்ல வச்சதும் மூணும் படபடன்னு ஒடைஞ்சி போச்சாம். தாங்க வேண்டிய பாரத்துல பாதிய தாண்டறதுக்குள்ளயே. அவங்க வாத்தியாரு குதிச்சாராம். ஆபீசுக்கு கல்பனா போட்டது போவுது, அது பாசாவுது, அசலு கலவை இப்பிடியான்னு, அங்கயே நின்னுக்கினு ஆபீசுக்குப் போன் போட்டாரு. ரெண்டு நாள்ல பேப்பர்ல வந்துச்சி. எம் புள்ள படம். மாணவரின் நேர்மைன்னு போட்டிருந்தாங்க.

ஆபீஸ்லேர்ந்து ஜீப்புல வந்து வேலைய நிறுத்துனாங்க. கூரைக்கு அடிச்சி வச்சிருந்த சென்ட்ரிங் பலகைய அப்பிடியே உட்டுட்டு ஆளுங்க எறங்கிட்டாங்க. கொஞ்ச நாளு சும்மா கெடந்துச்சி. அப்பறம் ஒரு நாளு சாயங்காலம் சுப்பராயலு லாரியயும் ஹரிஹரனையும் அனுப்பி மிக்சரையும் பலகையையும் ஏத்த ஆரம்பிச்சாரு. கார்ல வந்து, எனக்கு இந்த சைட்டே வாணாம், நீங்களே கட்டிக்குங்கன்னு கத்திட்டுப் பூட்டாரு. பலகைய ஒவ்வொண்ணா ஏத்தறத பாத்துக்கினு பொம்பளைங்க நிக்கறாங்க.

மகாலட்சுமி தான் ஆரம்பிச்சா. "உம் புள்ள படிச்ச லட்சணத்துக்கு எங்க தலையில இருந்த கூரையப் புடுங்கிட்டான்"னா. போற எடத்துலல்லாம் இவனுக்கு தான் எல்லாம் தெரியுமா, அந்தப் பொண்ணும் தானே படிக்குது, அது போட்டது நல்லா தானே இருந்துச்சின்னா. படம் போட்டுக்கறதுக்கு ஊர வித்துட்டான்னா. மத்தவளுங்களும் சேந்துக்கினாளுங்க.

எனக்கு மூக்கு மேல கோவம். வந்தா கண்ணு தெரியாது. "அடியே, எம் புள்ள இல்லன்னா அந்தக் கூரை உன் மண்டையில எறங்கியிருக்கும்டி, உனக்குக் கருமாதி சோறு போட்டிருப்போம்"னேன். அவ விடல. உம் புள்ள போட்ட கட்டியில தான் கோளாறுன்னு ஹரிஹரனே சொல்றான், உம் புள்ளைக்குக் கை வேலை வராதுன்னா. அது தான் எனக்குத் தாங்கல. வேற இன்னா சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்தக் கைக்கு நான் மஞ்சா வச்சவ.

மாரியாத்தா கோயிலு தட்டுலேர்ந்து கற்பூரத்த எடுத்துக்கினு வந்தேன். கடலு ஓரத்துத் தூணு அடியில வச்சி ஏத்துனேன். கூட்டம் கூடிப் போச்சி. லாரிக்காரன் கூட எறங்கி வந்து பாத்தான். கூட்டத்துக்குப் பின்னாடி எம் புள்ள, காலேஜ் பையோட, ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்கிக்கினு நிக்கறான். அவனப் பாத்ததும் எனக்கு வீம்பு இன்னும் ஏறிச்சி.

"எம் புள்ள செஞ்சதுல தப்பு இருந்தா, எங்க வூட்டு போட்டு கரை ஏறக் கூடாது"ன்னு சொல்லி, உள்ளங்கையால அடிச்சி அணைச்சேன்.

அவ்ளோ தான். கடல்ல போறவன் பொண்டாட்டி போட்டு மேல சத்தியம் பண்ணா, அதுக்கு மேல எங்க ஊர்ல கேள்வி கெடையாது. மகாலட்சுமி மூஞ்சி வெளுத்துப் போச்சி. எல்லாரும் கலஞ்சி போனாங்க. லாரியும் போச்சி. நான் வூட்டுக்குப் போயி புள்ளைக்குச் சோறு போட்டேன். கவலை மீன் கொழம்பு. எங்கையில கொப்பளம், அவன் அதையே பாத்துக்கினு சாப்புட்டான்.

அப்பறம் யாரும் எம் புள்ளைய ஒண்ணும் சொல்லல. போவப்போவ கான்ட்ராக்டரு தான் ஊர ஏமாத்தப் பாத்தான், கலை தான் காப்பாத்துனான்னு ஊரே பேச ஆரம்பிச்சிது. மகாலட்சுமி ஒரு நாளு தானா வந்து, "நீ சத்தியம் பண்ண அன்னிக்கே நம்பிட்டேன்டி அமிர்தம், எம் மனசுல ஒண்ணும் இல்ல"ன்னா. ரெண்டு பேரும் ஒரே தூணு நிழல்ல குந்த ஆரம்பிச்சோம். கூரை மட்டும் வரல. வெயிலு போயி மழை வந்துச்சி, மழை போயி பனி வந்துச்சி, மறுபடியும் வெயிலு. கம்பியில துரு ஏறி, தூணு மேல செவப்பா ஒழுகிக் கெடக்கு.

எம் புள்ள படிச்சி முடிச்சான். விழுப்புரத்து பக்கம் பெரிய பாலம் கட்டற கம்பெனியில வேலை கெடச்சிது. பேப்பர்ல வந்த அந்தச் செய்திய காட்டுனதும், உன்ன மாதிரி ஆளு தான் எங்களுக்கு வேணும்னு எடுத்துக்கினாங்களாம். அங்க அவனுக்கு வேலையே கியூபு போடறது, ஒடைக்கிறது தான். ஊர்ல எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தேன். ஆனா அவன் மூஞ்சியில சிரிப்பு இல்ல. புது எடத்துக்குப் போற பயம்னு நெனச்சேன்.

அவன் கெளம்பறதுக்கு மொத நாளு, வியாபாரம் முடிஞ்சி எல்லாரும் போனப்பறம் ஹரிஹரன் வண்டியில வந்தான். மீன் கேட்டான். எடை போட்டு சுத்தம் பண்ணிக்கினே, இன்னா சாரு, எங்க ஊர மறந்துட்டீங்களா, கூரை எப்பன்னு குத்தலா கேட்டேன். அவன் போயி தூண உள்ளங்கையால தட்டுனான்.

"அக்கா, தூணு நல்லா தான் இருக்கு"ன்னான். "லாரி போனப்பறம், கரையில ஆளு இல்லாத நேரமா ஆபீசுலேர்ந்து வந்து தூணுலயே ஓட்டை போட்டு, உள்ளேர்ந்து துண்டு எடுத்துக்கினு போயி ஒடைச்சிப் பாத்தாங்க. கேட்டதுக்கு மேலயே தாங்குது. தம்பி போட்ட கியூபு தான்க்கா சரியில்ல."

எனக்கு எங்கேர்ந்து தான் வந்துச்சோ, அருவாமனையத் தள்ளிட்டு எழுந்துட்டேன். வாயில வந்ததெல்லாம் சொன்னேன். திருட்டுப் பசங்களா, சிமென்ட்ட அள்ளிப் போட்டு ஊர ஏமாத்துனது நீங்க, இப்ப எம் புள்ள மேல பழியான்னேன். நாங்க கியூபுல பண்ணது தப்பு தான்க்கா, அதுக்காக தூணுல தப்பு பண்ணலன்னான். கத்தி முடிக்கிற வரைக்கும் நின்னான்.

அப்ப கூரையப் போட வேண்டியது தானேடான்னு கேட்டேன். கான்ட்ராக்ட்ட முடிச்சிட்டாங்க, பணம் திரும்பிப் போச்சி, இனிமே புதுசா எஸ்டிமேட்டு, புதுசா டெண்டரு, எப்ப வருமோ தெரியாதுன்னான். ஆபீசுலேர்ந்து வந்து யாரும் சொல்ல மாட்டாங்க, நானும் ஊர்ல சொல்லலன்னான். வண்டிய எடுக்கறப்ப, "தம்பி அங்க போயி கியூபு தான் போடப் போறானாம். யாராவது அவங்கிட்ட சொல்லணும்ல"ன்னான். மீன வாங்காமலே பூட்டான். அவன் முன்ன மாதிரி சிரிக்கற பையனா இல்ல, எளச்சிப் போயிருந்தான்.

நான் வூட்டுக்குப் போவல. போன் போட்டு கலைய வரச் சொன்னேன். துணி எடுத்து வச்சிக்கினு இருந்தவன் அப்பிடியே வந்தான். வெயிலு சாஞ்சி, தூணு நிழலு நீளமா மணல்ல கெடந்துச்சி. ஹரிஹரன் சொன்னத சொன்னேன். ஒரு வார்த்த விடாம சொன்னேன். அவன் குதிப்பான், இல்லம்மா பொய்யின்னு சொல்லுவான், நான் மறுபடி கத்தலாம்னு காத்துக்கினு இருந்தேன்.

"தெரியும்மா"ன்னான்.

இன்னாடா தெரியும்னு அவன் சட்டையப் புடிச்சேன்.

"அன்னிக்கு மூணு அச்சுலயும் பாதி தாம்மா போட்டிருந்தேன். அப்பா போட்டு வந்துச்சி, ஓடிட்டேன். திரும்பி வந்து பாத்தா பாண்டுல கலவை வெயில்ல எறுகிப் போச்சி. மிக்சருல புதுக் கலவை இல்ல. தண்ணி ஊத்தி இளக்கி, மேல போட்டு நெரப்பிட்டேன். கை நடுங்கிச்சி, சரியா குத்தவும் முடியல. அச்சக் கழட்டறப்பவே நடுவுல ஒரு கோடு தெரிஞ்சிச்சி. அவ்ளோ ஆவாதுன்னு நெனச்சேன். மிஷின்ல அந்தக் கோட்டுலயே தாம்மா பொளந்துச்சி."

ஏண்டா அப்பவே சொல்லலன்னு கேட்டேன். கேக்கறப்பவே எங்கொரலு எறங்கிப் போச்சி.

"வாத்தியாரு போன் போட்டுட்டாரும்மா. பேப்பர்ல வந்துடுச்சி. ஒரு வாரம் தூக்கம் வரல. லாரி வந்து சாமான ஏத்தறாங்கன்னு கேள்விப்பட்டு, காலேஜுலேர்ந்து ஓடி வந்தேன். லாரி போறதுக்குள்ள ஹரிஹரன் சாரு கிட்ட சொல்லிடணும்னு தான் வந்தேன். நீ கற்பூரத்த ஏத்திக்கினு இருந்த."

அவன் அழல. அழுதிருந்தா எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். "நான் வாயத் தொறந்தா நீ சொன்னது பலிச்சிடுமோன்னு பயந்துட்டேம்மா. அப்பா தெனம் கடலுக்குப் போறாரு"ன்னான்.

கூட்டத்துக்குப் பின்னாடி மூச்சு வாங்கிக்கினு நின்னது அதுக்குத் தானா? நான் அவன் எனக்குத் துணைக்கு வந்து நிக்கறான்னு நெனச்சேன். லாரி அப்ப கெளம்பல. பாதி பலகை இன்னும் மேல தான் இருந்துச்சி. நான் ஒரு நிமிசம் வாய மூடியிருந்தா இன்னிக்கு எங்க தலைக்கு மேல கூரை இருந்திருக்கும். ஏழு தெரு கேக்கற இந்த வாய் தான் எம் புள்ள வாய அடைச்சிருக்கு. பாவி, பாவின்னு மனசுக்குள்ள அடிச்சிக்கினேன். அவன் முன்னாடி அடிச்சிக்க முடியல.

"ஊர்ல சொல்லிடவாம்மா? இப்பவாச்சும்?"னு கேட்டான்.

சொல்லணும்னா எப்பிடின்னு எனக்குத் தெரியும். அதே தூணு அடியில நின்னு, அதே பொம்பளைங்களக் கூப்புட்டு, நான் பண்ண சத்தியம் பொய்யின்னு சொல்லணும். பஞ்சாயத்துல அபராதம் போடுவாங்க, ஆத்தாளுக்குக் கூழு ஊத்தச் சொல்லுவாங்க. அதெல்லாம் பண்ணிடலாம். ஆனா பேப்பர்ல வந்த புள்ள பொய்யாயிடுவான். அந்தக் கம்பெனிக்கு எட்டிச்சின்னா வேலை போவும். மகாலட்சுமி மூஞ்சிய எப்பிடிப் பாப்பேன்? வெயில்ல விழுந்து எழுந்தவ அவ. மனசுல ஒண்ணும் இல்லடின்னு வந்து சொன்னவ.

வாணாம், நீ நாளைக்குக் கெளம்புன்னேன். அது தான் என் வாயிலேர்ந்து வந்துச்சி. அவன் தலைய ஆட்டுனான். திரும்பி வூட்டுக்கு நடக்கறப்ப, ஒரு தாயா எதனா புத்தி சொல்லணுமேன்னு சொன்னேன். "அங்க போயி எந்த வேலையையும் பாதியில உட்டுட்டு ஓடாதடா."

அவன் நின்னான். "அப்பா போட்டு கவுந்தாலுமாம்மா?"ன்னான். எகத்தாளமா கேக்கல. தெரிஞ்சிக்கணும்னு தான் கேட்டான். கரையில எட்டு பேருக்குப் பதில் சொல்றவ நான், முந்தானைய இழுத்துக்கினு முன்னால நடந்தேன்.

மறுநாளு பஸ் ஏத்தி உட்டேன். சன்னல் வழியா பாத்து, "அப்பாவ பாத்துக்கம்மா"ன்னான். எங்க வூட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. புள்ள வேலைக்குப் போயிட்டான்னு தோள்ல துண்டப் போட்டுக்கினு மிதப்பா நடக்கறாரு. விடியறதுக்கு முன்னாடி கடலுக்குப் போறாரு. முன்னல்லாம் அவரு போனா நான் திரும்பிப் படுத்துக்குவேன். இப்ப எழுந்து கரைக்கு வந்துடறேன். போட்டு கண்ணுக்குத் தெரியற வரைக்கும் பச்சத் தண்ணி எறங்கறதில்ல.

இன்னிக்கும் வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. தெக்கால காத்து. அலை கொஞ்சம் பெருசு தான். மகாலட்சுமி தூணு நிழல்ல குந்தி, தன் கூடைய ஓரமா நகத்தி எடம் பண்ணா.

"இப்பிடி வந்து குந்துடி. உம் புள்ளயால தான் நம்ம தலை தப்பிச்சிது, உனக்கில்லாத நிழலா?"ன்னா.

எனக்கு வெயிலு பழகிடுச்சின்னேன். இவளுக்கு இன்னா ஆச்சின்னு அவ மத்தவளுங்களப் பாத்தா. நான் முந்தானைய தலையில போட்டுக்கினு, நிழல்ல காலு படாம தள்ளி மணல்ல குந்துனேன். நேரத்துக்கு வர்ற போட்டுங்கல்லாம் வந்து ஏறிடுச்சி. எங்க போட்டு இன்னும் வரல.